வழி தவறும் விமானங்கள்: சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு, அறிகுறி வாரியாக

நோர்வூட்டில் இருக்கும் அக்காவின் மகன் இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் அழைத்தால் நான் பதறுவதில்லை. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கணினியில், பறப்பு சிமுலேட்டரில் அவன் ஓட்டும் போயிங் எங்கோ தப்பான பக்கம் திரும்பியிருக்கும். “மாமா, பிளேன் சொல்வழி கேட்க மாட்டேன் என்கிறது” என்பான். முதலில் அவன் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனுடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் இருவர், தலவாக்கலையில் ஒரு பையன், பண்டாரவளையில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் விமானி இல்லை. ஹட்டனில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கையேடுகளை வாசிக்கும் கெட்ட பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் “வேலை செய்யவில்லை” என்பார்கள். “வேலை செய்யாமல் என்ன செய்கிறது?” என்று கேட்பேன். இங்கேயும் அதே முறைதான். ஆனால் அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பொத்தான் அழுத்தும் வேலையாகிவிடும்.

உண்மையான விமானத்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மூடுபனி இறங்கிய பின்னேரத்தில் தோட்டத்து லய வீட்டுக்கு நடந்து போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தடி முன்னால் எதுவும் தெரியாது. அவர் எத்தனை எட்டு வைத்தோம் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருப்பார். கோயில் மணி எந்தப் பக்கம் கேட்கிறது, ஓடை இரைச்சல் எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்வார். விமானமும் அதைத்தான் செய்கிறது. ஐ.ஆர்.எஸ். எனப்படும் சடத்துவ வழிகாட்டி, எட்டு எண்ணும் வேலையைச் செய்கிறது: ஒவ்வொரு முடுக்கத்தையும் உணர்ந்து, கூட்டிக் கூட்டி, எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்கிடுகிறது. திசை சொல்லும் வி.ஓ.ஆர்., தூரம் சொல்லும் டி.எம்.ஈ. ஆகிய தரை ரேடியோ நிலையங்கள் கோயில் மணி. ஜி.பி.எஸ். வானத்திலிருந்து அடிக்கும் மணி. இவை எல்லாவற்றையும் எப்.எம்.சி. என்ற கணினி கலந்து, “அநேகமாக இங்கே இருக்கிறோம், இவ்வளவு தூரம் பிசகியிருக்கலாம்” என்று ஒரு முடிவுக்கு வருகிறது. அந்தப் பிசகையும் அது ஓர் எண்ணாகவே திரையில் காட்டும்.

சிமுலேட்டருக்கோ விமானம் எங்கே என்பது அங்குலக் கணக்கில் தெரியும். அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கு எழுதுகிறது: இந்த இடத்தில் இருந்தால் முள் இப்படி நிற்க வேண்டும், தூரம் இவ்வளவு காட்ட வேண்டும் என்று. கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு வழிமுறை எழுதும் மாணவனை ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நிஜ விமானி அறையில் கோளாறு பெரும்பாலும் அளவிடுவதில் பிறக்கிறது. உங்கள் மேசையில் அது தரவிலோ, அமைப்புகளிலோ, உங்கள் விரலிலோ பிறக்கிறது. அறிகுறி ஒன்றாகவே இருக்கும். தேட வேண்டிய இடம் வேறு.

“சீரமைப்பு முடியவே இல்லை, வரைபடத் திரை வெறுமையாக இருக்கிறது”

விமானம் கட்டுநாயக்க விமான நிலையத்தின் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது. ஐ.ஆர்.எஸ். ஆளிகளைத் திருப்பியாகிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

சீரமைப்பு என்பது புறப்படும் முன் ஐ.ஆர்.எஸ். தன் இடத்தையும் வடக்கையும் பிடித்துக்கொள்ளும் வேலை. நிஜத்தில் இந்த நேரத்தில் நடப்பது அழகான விஷயம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. பெட்டிக்குள் இருக்கும் லேசர் சுழல்மானிகள் அந்த மெல்லிய சுழற்சியை உணர்ந்து, வடக்கு எது என்று தாமே கண்டுபிடிக்கின்றன. அதற்குத் திசைகாட்டி தேவையில்லை. பூமியின் சுழற்சியில் கிடையாக விழும் பங்கு நிலநடுக்கோட்டில் அதிகம், துருவத்தை நெருங்கும்போது குறைவு. அதனால் நம் பக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு, வடதுருவத்தை நெருங்கிய விமான நிலையங்களில் 17 நிமிடம் வரை ஆகும். அகலக்கோட்டையும் அவை தாமே ஊகித்துவிடும். நெடுங்கோட்டை மட்டும் சுழற்சியை வைத்து அறிய வழியில்லை. எனவே விமானி தன் இடத்தைத் தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். இதெல்லாம் முடியும்வரை விமானம் அசையக் கூடாது.

உங்கள் சிமுலேட்டரில் இந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் வெறும் கடிகாரம். நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. இழுவை வண்டி விமானத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டதா? அப்படியானால் ஆளிகளை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி திருப்புங்கள். இடத்தைக் கொடுத்தீர்களா? கொடுத்ததைப் பெட்டி ஏற்றதா? அக்காவின் மகன் ஒருநாள் முக்கால் மணி நேரம் இதில் மாட்டிக்கொண்டான். நான் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். ‘வ0710.9 கி7953.0’ என்று அடித்திருந்தான். நெடுங்கோட்டுக்கு மூன்று இலக்கம் வேண்டும்: 079. அந்த ஒரு பூச்சியம் இல்லாததால் பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. பூச்சியத்தைச் சேர்த்து, கிழக்குக்குப் பதில் மேற்கை அடித்திருந்தால் இன்னும் வேடிக்கை. விமானம் பனாமாவுக்குத் தெற்கே பசிபிக் கடலில் நிற்பதாக நம்பியிருக்கும். நிஜ விமானம் முந்தைய பயணம் முடிந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, “நேற்று வேறெங்கோ நின்றோமே” என்று எச்சரிக்கும். சிமுலேட்டர் விமானங்களில் எல்லாம் அந்த நிதானத்தை எதிர்பார்க்காதீர்கள்.

நேரமில்லாதவர்களுக்கு, பல விமானங்களின் அமைப்புகளில் உடனடிச் சீரமைப்பு என்று ஒரு தெரிவு இருக்கிறது. வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

“புள்ளியின் பெயரை அடித்தால் தரவுத்தளத்தில் இல்லை என்கிறது”

வழியில் உள்ள புள்ளிகள், ரேடியோ நிலையங்கள், ஓடுபாதைகள் எல்லாம் அடங்கிய வழித்தரவு உலகம் முழுவதும் 28 நாளுக்கு ஒருமுறை மாறுகிறது. வருடத்துக்குப் பதின்மூன்று சுற்று. விமானி அறையில் இந்தச் சுற்றும் மற்றொரு சுற்றும் என இரண்டு தொகுப்புகள் இருக்கும். தேதியைப் பார்த்து, தரையில் நிற்கும்போதே சரியானதைத் தெரிவுசெய்துகொள்வார்கள்.

உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, மூன்று. சிமுலேட்டரின் உலகத்துக்கு ஒரு தரவு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விமானத்துக்குள் தனியாக ஒன்று. பறப்புத் திட்டம் போட்டுத் தரும் தளத்தில் இன்னொன்று. மூன்றும் மூன்று காலத்தவையாக இருந்தால், திட்டத்தில் இருக்கும் புள்ளி விமானத்துக்குத் தெரியாது. விமானம் போகும் ஓடுபாதை சிமுலேட்டரில் இருக்காது. எப்.எம்.சி.யின் அடையாளப் பக்கத்தில் தரவின் தேதி இருக்கும்; திட்டம் தந்த தளத்தின் தேதியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், புதியதை வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. திட்டத்தைப் பழைய தேதிக்குப் போடச் சொன்னால் போதும்.

தோட்டத்துப் பையன்கள் பலரிடம் இருப்பது பழைய மடிகணினி. அதில் 2006இல் வந்த எப்.எஸ்.எக்ஸ். என்ற சிமுலேட்டர் மட்டும்தான் மூச்சு வாங்காமல் ஓடும். “மத்தளைக்குப் போக முடியவில்லை சேர்” என்று தலவாக்கலைப் பையன் கேட்டான். எப்படிப் போவது? மத்தளை விமான நிலையம் திறந்தது 2013இல். அவனுடைய உலகத்தில் அங்கே இன்னும் காடுதான் இருக்கிறது.

“சம்பந்தமே இல்லாத திசைக்குத் திரும்புகிறது”

எனக்கு அதிகம் வரும் அழைப்பு இதுதான். நோர்வூட்டுப் போயிங் சென்னையிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தது. பாக்குநீரிணையைத் தாண்டியதும் இடது பக்கம் சரிந்து வங்காள விரிகுடாவை நோக்கிக் கிளம்பிவிட்டது. “காற்றா மாமா?” என்றான். இல்லை. வழிப்பக்கத்தைத் திறந்து, புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். “இருபத்துமூன்று. பதினெட்டு. ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு…” அங்கேயே நிறுத்திவிட்டான்.

உலகத்தில் ஒரே பெயரில் பல புள்ளிகள் உண்டு. இரண்டு, மூன்றெழுத்து ரேடியோ நிலையங்களுக்கு இது சர்வசாதாரணம். பெயரை அடித்ததும் எப்.எம்.சி. பெட்டி ஒரு பட்டியலைக் காட்டி, எது என்று கேட்கும். பெரும்பாலும் கிட்ட இருப்பதே மேலே வரும். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி மேலே இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவதில்தான் வினை.

இது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதில்லை. 1995 டிசம்பர் 20 அன்று மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965இல், விமானிகள் ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. வரைபடத்தில் அதன் அடையாளம் ஆர் என்ற ஒற்றை எழுத்து. அதை எப்.எம்.சி.யில் அடித்தபோது வந்தது பொகோட்டாவுக்கு அருகில் இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். ரோசோ வேண்டுமானால் முழுப் பெயரையும் அடிக்க வேண்டும் என்று தரவுத்தளம் அமைக்கப்பட்டிருந்தது. போயிங் 757 அடக்கமாக இடது பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. நள்ளிரவல்ல, இரவு ஒன்பதரை மணி தாண்டியிருந்தது, ஆனால் இருட்டு. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

ஆகவே ஒரு புள்ளியைச் சேர்த்ததும், உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்துவதற்கு முன், மூன்று காரியம் செய்யுங்கள். தூரத்தை வாசியுங்கள். திசையை வாசியுங்கள். திரையை நாற்பது மைலிலிருந்து முந்நூற்றிருபது மைலுக்கு விரித்து, புதிய கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். நாலிலக்கத் தூரம் எங்கேயாவது முளைத்திருந்தால் அதுதான் திருடன்; அழித்துவிட்டுச் சரியானதை எடுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: வழியில் விடுபட்ட இடம். பெட்டி அதைக் கட்டங்களாகக் காட்டும். இரண்டு துண்டு வழிகளை எப்படி இணைப்பது என்று உங்களிடம் கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் விமானம் அந்த இடத்துக்கு வந்ததும் கடைசியாகப் பிடித்த திசையிலேயே நேராகப் போய்க்கொண்டிருக்கும். கண்மூடித்தனமாக எல்லாக் கட்டங்களையும் அழிக்கவும் கூடாது. சில இடங்களில் கட்டுப்பாட்டாளர் திசை சொல்லும்வரை நேராகப் போ என்று வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

“மெஜந்தா கோடு சரியாக இருக்கிறது, விமானம்தான் அதன்மேல் போகவில்லை”

மெஜந்தா கோடு என்பது வரைபடத் திரையில் எப்.எம்.சி. வரைந்து காட்டும் உங்கள் வழி. முதலில் விமானிக்கு நேரே உள்ள திரையின் மேல்வரியைப் பாருங்கள். ஆட்டோபைலட் எந்த முறையில் இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கும். பொத்தானில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதாது. மேல்வரியில் உள்ள எழுத்துத்தான் உண்மை. அங்கே திசைமுறை என்று இருந்தால் விமானம் நீங்கள் திருகிவைத்த திசைக்குப் போகுமே தவிர, கோட்டை ஏறெடுத்தும் பார்க்காது.

1983 செப்டெம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சோல் போன கொரியன் ஏர் 007, வழியை விட்டு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விலகி, சோவியத் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர். ஆட்டோபைலட் திசைமுறையிலேயே இருந்திருக்க வேண்டும், அல்லது வழிகாட்டி முறைக்கு மாற்றியபோது கோட்டைப் பிடிக்க முடியாத அளவு விமானம் ஏற்கெனவே தள்ளிப் போயிருக்க வேண்டும் என்று சர்வதேச விசாரணை முடிவுசெய்தது. அதற்குப் பிறகுதான், ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்கள் விமானங்களுக்கும் தரப்படும் என்று அமெரிக்கா அறிவித்தது.

அந்த இரண்டாவது காரணம் உங்கள் மேசையிலும் நடக்கும். போயிங் 737இல், கோட்டிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இருந்தால், கோட்டைப் பின்தொடரும் முறையான எல்நாவ் உடனே பிடிக்கும். அதற்கு வெளியே இருந்தால், 90 பாகைக்குக் குறைவான கோணத்தில், அடுத்த புள்ளிக்கு முன்னால் கோட்டை வெட்டும் திசையில் நீங்கள் போய்க்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை குத்தினாலும் அது உங்களைப் பொருட்படுத்தாது. திசைமுறையில் கோட்டை நோக்கித் திருப்பிவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

நிஜ விமானி அறையில் இல்லாத ஒரு காரணமும் இருக்கிறது: மலிவான ஜாய்ஸ்டிக். உள்ளே தேய்ந்துபோன மின்தடை நடுவில் நிற்காமல் நடுங்கும். விமானி கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார் என்று நினைத்து ஆட்டோபைலட் விலகிக்கொள்ளும். அமைப்புகளில் நடுப்பகுதியின் மந்த எல்லையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் சரியாகும். என் கடைக்கு வந்த ‘வழிகாட்டிக் கோளாறு’களில் பாதி இதுதான் என்றால் நம்ப மாட்டீர்கள்.

“முள் நடுவில் நிற்கிறது, ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் இறங்குகிறேன்”

ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ ஏற்பாடான ஐ.எல்.எஸ். வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. ஓடுபாதைக்கு நேரே நின்றால் 90 ஹேர்ட்ஸ், 150 ஹேர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சம அளவில் கேட்கும். இறங்கி வரும்போது இடது பக்கம் விலகினால் முதலாவது ஓங்கும், வலது பக்கம் விலகினால் இரண்டாவது. முள் காட்டுவது இந்த இரண்டின் வித்தியாசத்தை. இறக்கப் பாதைக்கும் இதே ஏற்பாடு, மேலும் கீழுமாக. ஆக, நிஜத்தில் கதிர் தரையில் ஊன்றிய அன்டெனாவிலிருந்து புறப்படுகிறது. ஓடுபாதையை விட்டு அது தனியாக நடந்துபோக முடியாது.

சிமுலேட்டரில் கதிரும் ஓடுபாதையும் இரண்டு வெவ்வேறு கோப்புகள். நீங்கள் அழகான விமான நிலையத் தொகுப்பு ஒன்றைச் சேர்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர் செய்மதிப் படத்தைப் பார்த்து ஓடுபாதையை முப்பது மீற்றர் நகர்த்திச் சரிசெய்திருப்பார்; ஐ.எல்.எஸ். பழைய கோப்பில், பழைய இடத்திலேயே கிடக்கும். அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். சரியாக இறங்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

முள்ளே அசையவில்லை என்றால் ஓடுபாதையின் மறுமுனையைத் தெரிவுசெய்திருப்பீர்கள். கட்டுநாயக்கவில் ஒரே நீண்ட ஓடுபாதை, 04 என்றும் 22 என்றும் இரண்டு பெயர். வடகீழ்ப் பருவக்காற்றில் 04, தென்மேல் பருவக்காற்றில் 22 என்று நம்முடைய இரண்டு பருவங்களுக்கும் பொருந்தும்படி கிடக்கிறது. சிமுலேட்டர் காற்றைப் பார்த்து முனையை மாற்றும், உங்கள் எப்.எம்.சி. நீங்கள் காலையில் கொடுத்ததைத்தான் வைத்திருக்கும். நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் காதால் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பொடியன்கள் யாரும் கேட்பதில்லை. அந்தக் கீச்சுச் சத்தம் எதற்கு என்று சத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேறுபாடு: நிஜத்தில் 3 பாகைப் பாதைக்கு மேலே, சுமார் 9 பாகையில் போலிப் பாதை ஒன்று உண்டு. அதனால்தான் கீழிருந்து போய்ப் பாதையைப் பிடிக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். பல சிமுலேட்டர்கள் சுத்தமான ஒற்றைக் கதிரைத்தான் வரைகின்றன. மேலிருந்து பிடித்துப் பழகியவருக்கு அங்கே தண்டனை கிடைப்பதில்லை.

“வி.ஓ.ஆர். முள் செத்துக் கிடக்கிறது”

அலைவரிசை இன்னும் காத்திருப்புக் கட்டத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஏழு தடவை அதுதான். மற்றபடி, உலகம் முழுவதும் வி.ஓ.ஆர். நிலையங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். புதிய தரவில் உங்கள் நிலையமே இல்லாமல் போயிருக்கலாம்.

செத்த முள்ளை விட, செத்திருக்க வேண்டிய இடத்தில் உயிரோடு இருக்கும் முள் எனக்குப் பெரிய விஷயம். இந்த அலைகள் நேர்கோட்டில் போகின்றவை. அடியில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைல் தூரம் கிடைக்கும் என்று வரும்: 10,000 அடியில் 123. ஆனால் அது நடுவில் மலை இல்லாத ஊருக்கான கணக்கு. மேட்டில் பாடும் வானொலி பள்ளத்து லயத்தில் இரைவதை நாம் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதாலகால உச்சியில், 2,524 மீற்றரில், ஒளிபரப்புக் கோபுரம் நிற்பதும் அதற்காகத்தான். இரத்மலானையிலிருந்து சின்ன விமானத்தில் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் நாலாயிரத்து ஐந்நூறு அடியில் வருகிறவருக்கு நிஜத்தில் கரையோர நிலையங்கள் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். பல சிமுலேட்டர்கள் நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் இருந்தால் கேட்கும் என்று வைத்திருக்கின்றன. மலை அவற்றுக்குக் காட்சிப் பொருள் மட்டுமே.

டி.எம்.ஈ. ஒருபோதும் பூச்சியத்துக்கு வரவில்லை என்று பண்டாரவளை நண்பர் முறையிட்டார். வராது. அது சாய்வுத் தூரம். 35,000 அடியில் நிலையத்துக்கு நேர்மேலே பறந்தால் 5.8 கடல்மைல் காட்டும். அது விமானத்தின் உயரம்தான்.

“மலையெல்லாம் தட்டையாகத் தெரிகிறது”

தோட்டத்து இணையம். ஜன்னலில் கட்டிய ரவுட்டர் நினைத்தபோது விழித்து நினைத்தபோது தூங்கும். சிமுலேட்டர் கிடைத்த அளவு தரவில் மலையை மழுக்கி வரைந்துவிடும். பறக்கப் போகும் பகுதியை நள்ளிரவுப் பொதியில் முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“உயரம் பொருந்தவில்லை”

உயரமானி காற்றழுத்தத்தை அளக்கிறது. அழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் சுமார் 27 அடி பிசகும். நம் நாட்டில் அழுத்தம் வருடம் முழுவதும் அதிகம் ஆடுவதில்லை. 1009ஆக இருக்கும்போது 1013இல் விட்டுவிட்டால் நூறடி சொச்சம்தான். இதை நம்பிப் பழகிவிட்டு, குளிர்காலத்தில் அயர்லாந்துப் பக்கம் 970இல் இறங்கப் போனால் கிட்டத்தட்ட 1,200 அடி தாழ்வாக இருப்பீர்கள். மைக்ரோசொப்ட் சிமுலேட்டர்களில் பி (B) விசையை அழுத்தினால் அழுத்தம் தானாகச் சரியாகும். நிஜ விமானி அறையில் பி விசை இல்லை.

“வரைபடம் ஓரிடம் சொல்கிறது, ரேடியோ வேறிடம் சொல்கிறது”

சிமுலேட்டரில் இந்த அறிகுறி வந்தால் ஐ.ஆர்.எஸ். நழுவல் என்ற தெரிவை யாரோ திறந்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல விமானத் தொகுப்புகளில் அது இருக்கும். நிஜத்தில் ஐ.ஆர்.எஸ். மணிக்கு ஒன்றிரண்டு கடல்மைல் வரை நழுவலாம், ஜி.பி.எஸ். அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஜி.பி.எஸ்.ஸையே போலிச் சமிக்ஞையால் ஏமாற்றும் இடங்களில் நிலைமை வேறு. 2023 பிற்பகுதியிலிருந்து ஈராக், ஈரான் பக்கம் பறந்த விமானங்கள் இதை முறையிடத் தொடங்கின: வரைபடம் திடீரென்று தாவும், கடிகாரம் மாறும், கடலுக்கு மேலே போகும்போது “மலை, மேலே எழு” என்று எச்சரிக்கை கத்தும். அந்நேரம் விமானிகள் திரும்பிப் போவது பழைய கோயில் மணிகளுக்குத்தான்.

கத்த வேண்டிய எச்சரிக்கையே இல்லாத காலமும் இருந்தது. அதன் கதை நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்த மார்ட்டின்எயார் டி.சி.-8 விமானம், எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கொழும்புக்கு 40 கடல்மைல் கிழக்கே, மஸ்கெலியாவுக்கு அருகே, சப்த கன்னியர் மலையில் 4,355 அடி உயரத்தில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று விமானிகள் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது விசாரணை. அவர்கள் நம்பியது டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும். டொப்ளர் தரையில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து வேகத்தைக் கணித்துத் தூரத்தைக் கூட்டும். அதுவும் எட்டு எண்ணும் முறைதான். நீண்ட கடலைக் கடந்து வரும்போது சிறுபிசகுகள் ஒன்றுசேர்ந்துவிடும். அதே மாதம், இதற்கு மூன்று நாள் முன்னதாக, அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் இன்னொரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது அதற்குப் பிறகு.

அந்த இரவின் பாதையைச் சிமுலேட்டரில் ஒருமுறை நான் பறந்து பார்த்தேன். ஜி.பி.எஸ்.ஸை அணைத்து, நழுவலை மிக அதிகமாக வைத்து, இருட்டில், தென்கிழக்கிலிருந்து. வரைபடத்தில் கட்டுநாயக்க கிட்ட வந்துவிட்டது என்று தோன்றியது. டி.எம்.ஈ.யைப் பார்த்தால் 47. இரண்டும் முரண்பட்டால் தொலைவு அதிகமாகச் சொல்வதை நம்பி உயரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிதுருதாலகால 8,281 அடி, மலைநாட்டில் இரண்டாயிரம் அடி இடைவெளி விடுவது வழக்கம், ஆகவே 10,300. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல்மைல் என்ற சாதாரணக் கணக்கில், 10,300 அடியிலிருந்து இறங்க முப்பத்தொரு மைல் போதும். கிழக்கிலிருந்து வரும்போது டி.எம்.ஈ. 31 என்று காட்டும்வரை நான் அந்த உயரத்தை விடுவதில்லை. அக்காவின் மகனுக்கும் அதையே சொல்லிவைத்திருக்கிறேன். மடிகணினியின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்: 31 – 10,300.